ஒளி தாளுக்குச் சொந்தம்



சென்ற ஆண்டு நமது பங்கின் கோயில்பிள்ளை இறைவனடி சேர்ந்தார். நாற்பது ஆண்டுகள் கோயில் மணியை அடித்தவர். நாம் கண் விழிப்பதற்கு முன்பே எழுந்து கோயில் கதவைத் திறந்து, பீடத்தின் திரியை ஏற்றி வைத்தவர். அன்னாருடைய முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலியன்று பங்கு மடலில் அவரது படத்தை வெளியிட வேண்டுமென்று விரும்பினோம். மகன் தன் கைபேசியில் இருந்த ஒரு புகைப்படத்தைத் தந்தார். நமது பங்கு மடல் பெரிய அச்சகத்தில் அச்சாவதன்று. கடைத்தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடையில் முந்நூறு பிரதிகள் எடுக்கப்படுவது. மாதிரிக்கு எடுத்த முதல் பிரதியைக் கையில் வாங்கியதும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணும் கன்னமும் இருந்த இடத்தில் ஒரு கரிய திட்டு. நெற்றி இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. நாற்பது ஆண்டுகள் ஊரார் பார்த்துப் பழகிய முகம் அதில் இல்லை.

கடையிலிருந்த தம்பி நமது முகவாட்டத்தைக் கண்டு, "சாமி, இந்த மெஷினுக்கு போட்டோ சரிப்படாது. பேனாவாலே கோடு கோடாக வரைந்த படம் இருந்தால் கொடுங்கள், அசல் மாதிரியே விழும்" என்றார்.

தம்பி சொன்ன அந்த உண்மையில் அச்சுக்கலையின் நெடிய வரலாறே அடங்கியிருக்கிறது. அச்சு மைக்கு இரண்டே நிலைகள்தாம் உண்டு: தாளில் அது பதியும், அல்லது பதியாது. இடைப்பட்ட சாம்பல் நிறம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. ஆகவேதான் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேல்நாட்டுப் பத்திரிகைப் படங்களெல்லாம் மரக்கட்டையில் நுண்ணிய கோடுகளாகச் செதுக்கப்பட்டு அச்சாயின. 1880-களிலிருந்து, புகைப்படத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் 'ஹாஃப்டோன்' முறை பரவியது. அதன் பின்னரும், மலிவான முரட்டுக் காகிதத்தில் புகைப்படம் கலங்கியே விழுந்தது; கோட்டுச் சித்திரமோ பளிச்சென்று விழுந்தது. துத்தநாகத் தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்த 'லைன் பிளாக்' கொண்டு நமது தமிழ் வார இதழ்கள் எத்தனையோ ஆண்டுகள் கதைப் படங்களை அச்சிட்டன. அவ்விதழ்களின் ஓவியர்கள் பேனாவையும் மையையும் கைவிடாமல் இருந்ததற்கு அழகுணர்ச்சி மட்டுமன்று, அச்சு இயந்திரத்தின் இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம்.

தம்பியின் சொல் நமக்கு வேறொரு வகையிலும் உறைத்தது. ஏனெனில், அப்போது நாம் மையோவியம் பயிலத் தொடங்கி ஆறு திங்கள் ஆகியிருந்தன. ஐம்பது வயதைக் கடந்த குருவானவருக்கு இது எதற்கு என்று சிலர் நகைத்ததுண்டு. குருமடத்தில் பயின்ற நாள்களில் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஓரப்பூக்களும் தலைப்பெழுத்துகளும் வரைந்த பழக்கம் நமக்கு இருந்தது. பின்னர் பங்குப் பணிகளில் அது மறந்தே போயிற்று. நமது பங்கில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மாலைத் திருப்பலி முடிந்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் அமர்ந்து, அவரிடம் முதல் வகுப்பு மாணவனைப்போல் நாம் கற்று வந்தோம்.

அவர் நம்மை வாங்கச் சொன்ன பொருள்கள் மிகச் சில. மரப்பிடியில் செருகித் தொட்டெழுதும் எஃகு நிப்பு ஒன்று, ஒரு புட்டி இந்தியன் இங்க், வழுவழுப்பான கெட்டித் தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர். இந்தியன் இங்க் என்பது விளக்குப் புகையின் கரியைப் பசையோடு குழைத்துச் செய்யும் மை. நீரில் கரையாத வகைகளில் அரக்கும் சேர்ப்பதுண்டு. கரியாதலால் வெயிலிலும் அது வெளுக்காது. ஆனால் அதனை ஊற்றுப் பேனாவில் நிரப்பிவிடக் கூடாது. உள்ளே உறைந்து பேனாவையே பாழாக்கிவிடும். நாம் அவர் சொல்லைக் கேளாமல் நல்ல பேனா ஒன்றை அவ்வாறு இழந்தோம். தாளும் முக்கியம். பள்ளிக்கூட நோட்டுத் தாளில் மை ஊறிப் பரவி, மெல்லிய கோடு கம்பளிப் பூச்சியாகிவிடும்.

முதல் நாள் பாடத்தில் படமே இல்லை. ஆறு சிறு கட்டங்களை ஒரு வரிசையாகப் போடச் சொன்னார். முதல் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். இரண்டாவதில் இடைவெளி விட்டு இணைகோடுகள். மூன்றாவதில் அவையே நெருக்கமாக. நான்காவதில், முதல் வரிசை காய்ந்த பின், சற்றே சாய்ந்த வேறொரு திசையில் இரண்டாம் வரிசை. ஐந்தாவதில் மூன்றாம் வரிசை. ஆறாவதில் முழுக் கறுப்பு. கோடுகளை இணையாக இட்டு நிழல் காட்டுவதை 'ஹாட்சிங்' என்றும், ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே இடுவதை 'கிராஸ் ஹாட்சிங்' என்றும் ஓவியர் கூறுவர். கட்டங்களைச் சுவரில் சாய்த்து வைத்துப் பத்தடி தள்ளி நின்று பார்க்கும்படி ஆசிரியர் சொன்னார். என்ன வியப்பு! கோடுகள் மறைந்தன, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஆறு படிகள் தெரிந்தன. ஒரே கறுப்பு மையால், சாம்பல் நிறத்தில் நான்கு வகைகளைச் செய்திருந்தோம். கோட்டையும் இடைவெளியையும் கலந்து கொண்டது நமது கண்ணேயன்றித் தாளன்று.

இதில் சில நுட்பங்கள் உண்டு. இரண்டாம் வரிசையை முதல் வரிசைக்குச் செங்குத்தாக இட்டால் சல்லடைக் கண்போலச் சதுரங்கள் தோன்றி உறுத்தும். சிறு கோணத்தில் சாய்த்தால் நீண்ட வைரக் கண்கள் உண்டாகி நிழல் மிருதுவாகும். நிப்பை நம்மை நோக்கி இழுக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் தாளைக் கிழித்து மையைத் தெறிக்கும். கீழ் வரிசை ஈரமாய் இருக்கும்போதே மேல் வரிசையை இட்டால் இரண்டும் குழம்பிச் சேறாகும். ஆகவே ஒரு மூலையை முடித்தபின் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற கலையன்று இது. நாமும் அவசரக்காரராதலால் இதை அனுபவத்தில் அறிந்தோம்.

இரண்டாம் வாரம் தீப்பெட்டி ஒன்றைச் சன்னலருகே வைத்தார். அதன் மேற்புறம் வெளிச்சம்; ஒரு பக்கம் அரை நிழல்; மறுபக்கம் முழு நிழல். மூன்று முகங்களுக்கு மூன்று அடர்த்தி. மூன்றாம் வாரம் ஒரு முட்டை. தீப்பெட்டிக்கு நேர்கோடு போதும். முட்டைக்கோ கோடும் முட்டையின்மேல் ஊர்ந்து செல்லும் எறும்பைப்போல் வளைந்து செல்ல வேண்டும். கோட்டின் அடர்த்தி நிழலைச் சொல்லும். கோட்டின் திசையோ உருவத்தைச் சொல்லும். தட்டையாகக் கிடந்த முட்டை, வளைகோடுகள் விழ விழத் தாளிலிருந்து புடைத்து எழுந்ததைக் கண்டு நாம் குழந்தையைப்போல் மகிழ்ந்தோம்.

ஆசிரியர் மிகவும் சிக்கனமான மனிதர். மெழுகுதிரித் துண்டைக்கூட எறியமாட்டார். அவர் கூறிய ஒன்று நம் நெஞ்சில் பதிந்துவிட்டது. "சாமி, மைக்கடையில் கறுப்பை வாங்கலாம். வெள்ளையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தாளில் இருக்கிற வெள்ளைதான் மொத்தச் சொத்து. அதைச் செலவழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது" என்றார். எண்ணெய் வண்ணத்தில் வரைபவர் இருளை முதலில் பூசி, இறுதியில் வெள்ளை வண்ணத்தைத் தொட்டு ஒளியை வைக்கலாம். மையோவியத்தில் அது இயலாது. விளக்கின் சுடரோ, கண்ணின் மினுமினுப்போ, நரைமுடியின் இழையோ, எதுவாயினும் அது மை படாத தாள்தான். ஒளியை நாம் வரைவதில்லை. அதைச் சுற்றிலும் கறுப்பை இட்டு, அதனைக் காத்து வைக்கிறோம்.

இக்கலையைக் கற்றவர்களின் வரலாறுகளும் சுவையானவை. அமெரிக்க நாட்டின் இண்டியானா மாநிலத்தில், ஒரு பண்ணை வீட்டில் பிறந்த பிராங்ளின் பூத் (1874-1948) என்பவர் சிறுவயதில் ஓவியராக விரும்பினார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பத்திரிகைப் படங்களையெல்லாம் பேனாவால் வரைந்தவை என்று எண்ணிக் கொண்டார். செதுக்கியவரின் உளி உண்டாக்கிய ஒவ்வொரு கோட்டையும் பேனாவால் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினார். தவறாகப் புரிந்துகொண்டதுதான். ஆனால் அந்தத் தவறான புரிதலோடு ஆண்டுக்கணக்கில் உழைத்ததால், வேறெவருக்கும் அமையாத நடை அவருக்கு அமைந்தது. ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளால் அவர் எழுப்பிய மேகங்களையும் பெருமரங்களையும் இன்றும் மையோவிய மாணவர்கள் வியந்து பயில்கின்றனர்.

நமது நாட்டிலும் இதற்குச் சான்றோர் உண்டு. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் தொடருக்கு ஓவியர் சில்பி கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் முன் அமர்ந்து, கல்லின் குளிர்ச்சியும் தேய்மானமும் தெரியும்படி வரைந்தார். திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்த ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938-2008), காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் அவரைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் பல படங்களாக வரைந்து புகழ் பெற்றார். சில்பியின் கோடு பொறுமையாக அடுக்கிச் செல்வது. ஆதிமூலத்தின் கோடு விரைந்து பாய்வது. மை ஒன்றே, கைதான் வேறு.

கோட்டின் வல்லமைக்கு எல்லை காட்டிய படம் ஒன்றையும் வாசகர்கள் அறிந்திருப்பது நலம். சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் வெரோணிக்கம்மாள் நம் ஆண்டவரின் திருமுகத்தைத் துடைத்த துகிலை நினைவுகூர்கிறோம். பிரெஞ்சு நாட்டுச் செதுக்கோவியர் கிளோத் மெல்லான் 1649-ஆம் ஆண்டு அத்துகிலில் பதிந்த திருமுகத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். மூக்கின் நுனியில் ஒரு கோட்டைத் தொடங்கி, கொசுவர்த்திச் சுருளைப்போல் சுற்றிச் சுற்றி வெளியே கொண்டு சென்றார். கோட்டின்மேல் கோடு குறுக்கே ஓடவில்லை. நிழல் வேண்டிய இடத்தில் அந்தக் கோட்டையே சற்றுத் தடிப்பாக்கினார். ஒளி வேண்டிய இடத்தில் மெல்லியதாக்கினார். கண்கள், தாடி, முள்முடி, இரத்தத் துளிகள் யாவும் அந்த ஒற்றைக் கோட்டின் தடிப்பிலும் மெலிவிலும் தோன்றின. ஆசிரியர் வீட்டில் இதன் அச்சுப்படத்தைப் பார்த்த அன்று, விரலைச் சுருளின்மேல் வைத்து ஓட்டிக்கொண்டே நாம் நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

இவ்வளவும் கற்ற மிதப்பில்தான் கோயில்பிள்ளையின் படத்தை நாமே வரைந்து விடுவதென்று துணிந்தோம். மகன் தந்த புகைப்படத்தைப் பார்த்து, பென்சிலால் முதலில் எழுதிக் கொண்டோம். பத்து இரவுகள் உழைத்தோம். முகத்தின் எந்த இடத்தையும் விட்டுவிடாமல் கோடிட்டோம். கறுப்பு அதிகமானால் முகம் கெட்டுவிடுமோ என்ற அச்சத்தால், எங்கும் இரண்டு வரிசைக்கு மேல் போகவில்லை. அவருடைய இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் பழைய தழும்பு ஒன்று இருந்தது. நினைவுப் படத்தில் அது எதற்கு என்று, புருவத்தை நிறைவாக வரைந்து அதை மறைத்துவிட்டோம். முடித்தபின் நமக்கே நம்மீது பெருமை பொங்கியது.

படத்தை எடுத்துக்கொண்டு அவருடைய மனைவியிடம் சென்றோம். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு சாமி. நீங்க கஷ்டப்பட்டு வரைஞ்சிருக்கீங்க" என்றார். பிறகு, சற்றுத் தயங்கி, "ஆனா யாரோ மாதிரி இருக்காரு. அந்தத் தழும்பு எங்க சாமி?" என்று கேட்டார்.

நாம் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினோம். அவர் குறுக்கிட்டு, "கொடியேத்தத்தன்னிக்குக் கொடிமரத்துக் கப்பி அறுந்து நெத்தியில விழுந்திச்சு. ரத்தத்தைத் துண்டால கட்டிக்கிட்டு அவருதான் கொடிய ஏத்தி முடிச்சாரு. கல்யாணமான முதல் வருஷம். அந்தத் தழும்பப் பாத்துத்தான் சாமி நான் அவருக்குச் சோறு போட்டேன், இத்தனை வருஷமா" என்றார்.

குற்றம் சாட்டும் குரல் அதில் இல்லை. அதனாலேயே நமக்கு அது கூடுதலாகச் சுட்டது. ஒரு மனிதரை நினைவுகூரப் புறப்பட்ட நாம், அவருடைய வாழ்வின் ஒரு பகுதியை அழித்துவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயரிட்டிருந்தோம்.

படத்தை ஆசிரியரிடம் காட்டினோம். "கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள் சாமி" என்றார். பார்த்தோம். முகம் முழுவதும் ஒரே சாம்பல் திட்டாகத் தெரிந்தது. எங்கும் கோடு, ஆகவே எங்கும் ஒளியில்லை. எங்கும் அச்சம், ஆகவே எங்கும் கறுப்பும் இல்லை. "தழும்பு போனது ஒரு பிழை. வெள்ளையையும் செலவழித்துவிட்டீர்கள், கறுப்பையும் போடவில்லை. அது அடுத்த பிழை" என்றார். பிறகு பெட்டியைத் திறந்து இரண்டு அச்சுப்படங்களை எடுத்து நம் முன் வைத்தார்.

ஒன்று, ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514-ஆம் ஆண்டில் வரைந்த தம் தாயாரின் படம். இது மையில் அன்று, கரிக்கோலால் வரைந்தது. 18 மக்களைப் பெற்று, அவர்களுள் பெரும்பாலோரைப் பறிகொடுத்த அம்மையார் அவர். வயது 63. படம் வரைந்த இரண்டு திங்களில் இறந்துபோனார். ஒட்டிய கன்னம், கழுத்தின் நரம்பு, நெற்றியின் சுருக்கம், ஒன்றையுமே மகன் மறைக்கவில்லை. அதே ஆண்டில்தான் டியூரர், புனித எரோணிமுஸ் தம் அறையில் அமர்ந்து எழுதும் புகழ்பெற்ற படத்தையும் செம்பில் செதுக்கினார். சன்னலின் வட்டக் கண்ணாடிகள் வழியே வெயில் சுவரில் விழும் அழகை அதில் காணலாம். அவ்வளவு நுணுக்கமாக அழகைச் செதுக்கத் தெரிந்த கை, தாயின் முகத்தை அழகுபடுத்த முற்படவில்லை. அவருக்கு அந்தச் சுருக்கங்களே தாயாக இருந்திருக்க வேண்டும்.

மற்றொன்று, ஒல்லாந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் 1653-இல் தகட்டில் கீறிய 'மூன்று சிலுவைகள்'. முதலில் அச்சான பிரதிகளில், விண்ணிலிருந்து விழும் ஒளிக்கீற்றில் சிலுவையும் அதைச் சூழ்ந்த மாந்தரும் தெளிவாகத் தெரிகின்றனர். பின்னர் அவர் அதே தகட்டை மறுபடியும் எடுத்து, பல உருவங்களைச் சுரண்டி நீக்கி, பட்டை பட்டையாகக் கரிய கோடுகளை வீழ்த்தினார். பாடுபட்டு வரைந்த பலர் இருளில் மறைந்தே போயினர். நடுச் சிலுவையைச் சுற்றி எஞ்சிய ஒளியோ முன்னிலும் வலிமையாக நம்மைத் தாக்குகிறது. "கறுப்புக்கு அஞ்சினால் வெள்ளை எடுபடாது, சாமி" என்றார் ஆசிரியர். நாம் மறுமொழி சொல்லவில்லை.

திருப்பலிக்கு இன்னும் ஒன்பது நாள்களே இருந்தன. நண்பகல் வெயிலில் எடுத்த பழைய புகைப்படம் உதவாது, ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழும் படமாக வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். மகனிடம் மறுபடியும் கேட்டோம். "ஒன்று இருக்கிறது சாமி. ஆனால் ரொம்ப இருட்டு என்று ஒதுக்கி வைத்துவிட்டேன்" என்று தயங்கியபடியே காட்டினார். பாஸ்கா திருவிழிப்பு இரவு. கோயிலில் விளக்குகள் அணைந்திருக்கின்றன. கோயில்பிள்ளை கையில் எரியும் மெழுகுதிரியோடு நிற்கிறார். இடப்பக்கம் சுடரின் ஒளி. வலப்பக்கம் முழு இருள். பிளவுபட்ட இடது புருவம் அந்த ஒளியில் துலக்கமாகத் தெரிந்தது. வீட்டார் வேண்டாமென்று ஒதுக்கிய படமே நாம் தேடிய படமாக இருந்தது.

இம்முறை ஆசிரியர் சொற்படி, முதலில் தீப்பெட்டி அளவில் ஒரு சிறு படம் செய்தோம். அதில் கோடே கிடையாது. கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே பிரிவுகள். எது இருள், எது ஒளி என்று அங்கேயே தீர்மானித்துவிட்டோம். அதன் பின்னரே பெரிய தாளில் பென்சில் எடுத்தோம். ஒளிப் பக்கத்தின் கன்னத்துக்கு வெளிக்கோடு இடவில்லை. அதன் பின்னால் இருந்த இருளைக் கறுப்பாக்கியதும் கன்னத்தின் விளிம்பு தானே பிறந்தது. இருளும் ஒளியும் சந்திக்கும் மூக்கருகிலும் உதட்டருகிலும் மட்டும் இரண்டு, மூன்று வரிசைகள் வளைந்து சென்றன.

ஐந்தாம் இரவு, கைதவறிற்று. நிழற்பக்கத்துக் கன்னத்தில் நிப்பு சறுக்கி, தாடை வரை ஒரு தடித்த கோடு ஓடிவிட்டது. பென்சிலாயின் அழித்திருப்போம். தடித்த தாளில் பிளேடால் சுரண்டலாம். வெள்ளைப் பூச்சும் தடவலாம். பதற்றத்தில் எதைச் செய்தாலும் கெடும் என்று அஞ்சி, தாளை அப்படியே எடுத்துக்கொண்டு இரவோடு இரவாக ஆசிரியரின் கதவைத் தட்டினோம். அவர் விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கோடு தனியாக நிற்பதால்தான் பிழையாகத் தெரிகிறது. அந்தப் பக்கம் முழுவதையும் இதன் அளவுக்குக் கறுப்பாக்கிவிடுங்கள்" என்றார். நமக்குக் கை நடுங்கியது. ஆயினும் செய்தோம். பிழைக்கோடு கறுப்பில் கலந்து மறைந்தது. அதுமட்டுமன்று, அந்தப் பக்கம் அவ்வளவு கறுத்த பிறகே மெழுகுதிரியின் ஒளி மெய்யாகவே எரிவதுபோல் தோன்றியது. கை தவறியிராவிட்டால், அவ்வளவு கறுப்பை இடும் துணிவு நமக்கு ஒருபோதும் வந்திராது.

இறுதியாகப் புருவம். மயிருக்கு ஒரு கோடாக, மூக்கருகிலிருந்து வெளியே எழுதிக்கொண்டு வந்தோம். தழும்பின் இடம் வந்ததும் பேனாவைத் தூக்கினோம். ஒரு நெல்லின் அகலம் விட்டு, மறுபுறத்தில் மீண்டும் தொடங்கினோம். அவ்வளவுதான். தழும்பை நாம் வரையவே இல்லை. அவ்விடத்தில் கை வைக்காமல் விட்டோம். வெறுந்தாளே தழும்பாக நின்றது.

அந்த அம்மாளிடம் படத்தைக் கொண்டு சென்றபோது அவர் ஒன்றும் பேசவில்லை. வாசல் வெளிச்சத்துக்கும் போகவில்லை. ஆள்காட்டி விரலை மெல்ல அந்தப் புருவத்தின்மேல் வைத்தார்; சிறிது நேரம் எடுக்கவே இல்லை. பிறகு, "மடலுக்குக் கொடுத்தது போக, இத எனக்குத் தருவீங்களா சாமி?" என்று கேட்டார். அவருக்கு இல்லாமல் வேறு யாருக்கு? ஜெராக்ஸ் கடையிலும் தம்பி சொன்னபடியே ஆயிற்று. முந்நூறு பிரதிகளிலும் கோடு கோடாக, அசலைப்போலவே விழுந்தது. திருப்பலி முடிந்து வெளியே வந்தவர்கள் மடலைப் பிரித்ததும் அங்கங்கே நின்றுவிட்டார்கள். மூல ஓவியம் அந்த வீட்டுப் பீடத்தில், மெழுகுதிரிக்கருகே இன்றும் இருக்கிறது. அதனை ஓவியத் திறமைக்குச் சான்றாக நாம் கருதவில்லை. காது சற்றுப் பெரிதாகிவிட்டது. விரல்கள் சரியாக அமையவில்லை. ஆனால் அது அவர்தான்.

அன்பான பெற்றோர்களே, கோடை விடுமுறை வரப்போகிறது. தொலைக்காட்சியின் முன்னும் கைபேசியின் முன்னும் பிள்ளைகள் நாள் முழுதும் அமர்ந்திருப்பதாக முறையிடுகிறீர்கள். அவர்களுக்கு ஒரு பேனாவையும் நல்ல தாளையும் வாங்கிக் கொடுங்கள். நிப்பும் மைப்புட்டியும் சிறுவர்களுக்குத் தொல்லையாயின், காகிதக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய முனைப் பேனாக்களே தொடக்கத்துக்குப் போதும். முதலில் ஆறு கட்டங்கள். பிறகு சன்னலோரத்தில் ஒரு தீப்பெட்டி. அதன்பின் ஒரு முட்டை. ஒரே ஒரு விளக்கு எரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு திசையிலிருந்து ஒளி வந்தால் நிழல்கள் குழம்பிவிடும். நாளுக்கு அரை மணி நேரம் போதும். படம் நன்றாக இல்லையென்று பிள்ளை கிழிக்கப் போனால் தடுத்து, தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். மூன்று திங்கள் கழித்து அதையே மறுபடியும் எடுத்துப் பார்க்கட்டும்.

சற்றுக் கை பழகியதும், வீட்டிலிருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ விளக்கருகே உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள். சுருக்கங்களை எண்ணிப் பார்க்கட்டும்; அவை எப்படி வந்தன என்று கேட்கட்டும். பாட்டி கதை சொல்லிக்கொண்டே இருக்கும் வரை, அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அரை மணி நேரம் ஒரு முகத்தை உற்று நோக்கிய பிள்ளை அந்த முகத்தை எளிதில் மறவாது.

நாமும் இன்னும் திண்ணைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். இம்மாதம் ஆசிரியர் கைகளை வரையச் சொல்லியிருக்கிறார். மணிக்கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இரு கைகள் நமது நினைவில் இருக்கின்றன. அவற்றை எந்தப் புகைப்படத்திலும் காணவில்லை. ஆகவே நினைவிலிருந்தே வரைந்து பார்க்கிறோம்.